ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்? பதினொன்றாம் வகுப்பு குரூப்பிலிருந்து பதிவு எண் வரை

போன ஜூன் மாதம் ஒரு பெண் தன் அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்தாள். பி.எஸ்சி. சைக்காலஜி அப்போதுதான் முடித்திருந்தாள். அவளுடைய தம்பிக்கு மூன்று வயது வரை பேச்சு வரவில்லை. அவனைத் தெரபிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தது முழுக்க இவள்தான். அந்த அறையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, நாமும் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள்.

"அக்கா, இனி எம்.எஸ்சி. ஸ்பீச் சேர்ந்துடலாம்ல?"

சேர முடியாது என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை. இணையத்தில் தேடிப் படித்துவிட்டுத்தான் அவள் சைக்காலஜி எடுத்திருக்கிறாள். சைக்காலஜி, மொழியியல், கல்வியியல் என்று எதைப் படித்தாலும் பிறகு முதுகலையில் ஸ்பீச் தெரபிக்கு மாறிக்கொள்ளலாம் என்று அங்கே எழுதியிருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் அப்படித்தான். இந்தியாவில் அந்தக் கதவு கிடையாது. இங்கே ஸ்பீச் தெரபியில் முதுகலை சேர, இளங்கலையிலேயே அதைப் படித்திருக்க வேண்டும். அந்த இளங்கலையில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் குறிப்பிட்ட பாடங்கள் இருக்க வேண்டும். அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த முடிவு பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அவளைப் போல இன்னொரு பிள்ளை மூன்று வருடத்தை விட்டுவிட்டு வந்து நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வேலையை நேரில் பாருங்கள்

ஸ்பீச் தெரபி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பேச்சு தாமதமாகும் குழந்தையும் திக்கிப் பேசும் பையனும்தான். அவர்கள் இந்த வேலையில் ஒரு பகுதிதான். பக்கவாதம் வந்து மூளையில் மொழிக்கான பகுதி பாதிக்கப்பட்டவர், தன் மனைவியின் பெயர் நாக்கு நுனியில் நிற்க, சொல்ல முடியாமல் அழுவார். அவரும் நம்மிடம்தான் வருவார். அதே பக்கவாதத்தால் தண்ணீர் குடித்தாலே புரையேறி, அது நுரையீரலுக்குள் போய்விடும் நிலையில் இருப்பவருக்கு எதை, எவ்வளவு கெட்டியாக, எந்த நிலையில் உட்கார வைத்துக் கொடுக்கலாம் என்று பார்ப்பதும் நம் வேலை. அண்ணப்பிளவு அறுவை முடிந்த குழந்தை, பாடம் நடத்தி நடத்திக் குரல் கட்டிப்போன ஆசிரியை, புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர், ஆட்டிசம் உள்ள குழந்தை என்று வரிசை நீளும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட குழந்தைக்கு, காதில் விழும் சத்தத்துக்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும்.

ஆகவே குரூப் எடுப்பதற்கு முன்பாகவே இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்தவை அவை. குழந்தைகளுக்கான தெரபி அங்கே நடக்கும். சென்னைக்கு அருகில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போகலாம். முறையாக அனுமதி கேளுங்கள். குழந்தையின் பெற்றோர் சம்மதித்தால் மட்டும் உள்ளே உட்காருங்கள், படம் எடுக்காதீர்கள்.

அங்கே ஒன்றைக் கவனியுங்கள். 45 நிமிடம் ஒரே பந்தை உருட்டி, ஒரே வார்த்தையை முப்பது தடவை சொல்லி, கடைசியில் குழந்தை "பா" என்று ஒரு தடவை சொல்லும். அடுத்த வாரம் அதுவும் மறந்திருக்கும். அதைப் பார்த்து உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, இல்லை அந்த "பா" காதிலேயே நிற்கிறதா? எந்த மதிப்பெண்ணும் இதைச் சொல்லாது.

இரண்டாம் படி: பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப்?

இந்தியாவில் இந்தப் படிப்பை நெறிப்படுத்துவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். துறையில் எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றுதான் சொல்வோம். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் அமைப்பு அது. ஆர்.சி.ஐ. பாடத்திட்டம் கேட்பது இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியல், கணிதம், கணினி அறிவியல், புள்ளியியல், எலக்ட்ரானிக்ஸ், உளவியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. அதாவது கணிதம் – கணினி குரூப் எடுத்த பிள்ளைக்கும் ஆர்.சி.ஐ. விதிப்படி வழி இருக்கிறது. காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இல்லை.

ஆனால் ஆர்.சி.ஐ. சொல்வது குறைந்தபட்சத் தகுதி. பல்கலைக்கழகமோ கல்லூரியோ அதற்கு மேல் உயிரியல் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே என் யோசனை பயோ-மேத்ஸ் குரூப். எந்தக் கல்லூரியின் விதியும் உங்களை வெளியே நிறுத்தாது. கணிதம் கஷ்டம் என்று நினைக்கும் பிள்ளை, தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப்பை எடுக்கலாம்.

"பேச்சுக்கு எதுக்கு மேடம் பிசிக்ஸ்?" என்று பெற்றோர் கேட்பார்கள். பேச்சு என்பதே காற்றில் போகும் அலை. காது கேட்கும் திறனைச் சோதிக்கும்போது வழக்கமாக 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று குறிப்போம். உயர் அலைவரிசையில் மட்டும் கேட்பு குறைந்த குழந்தைக்கு "ஆ", "ஓ" எல்லாம் நன்றாகக் கேட்கும், "ஸ்" மட்டும் காதில் விழாது. விழாத ஒலியை அது எப்படிச் சொல்லும்? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதே, காது கேட்கிறதே என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். பேச்சு ஏன் தெளியவில்லை என்பதற்கான விடை அந்த வரைபடத்தில் இருக்கும். அதைப் படிக்க இயற்பியல் வேண்டும்.

மூன்றாம் படி: பட்டத்தின் பெயரைச் சரியாகப் பாருங்கள்

நீங்கள் தேட வேண்டிய பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி. ஆடியாலஜியும் (கேட்பியல்) ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜியும் (பேச்சு, மொழிக் கோளாறுகள்) சேர்ந்த இளங்கலை. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், மொத்தம் நான்கு ஆண்டு. காது, பேச்சு இரண்டுக்கும் நம் நாட்டில் ஒரே இளங்கலைதான். அமெரிக்காவில் இவை தனித்தனித் தொழில்கள். அங்கே ஆடியாலஜிஸ்ட் ஆக மருத்துவப் படிப்புக்கு நிகரான நீளத்தில் தனி முனைவர் பட்டமே வாங்க வேண்டும்.

முதல் செமஸ்டர்களிலேயே உடற்கூறியல், மருத்துவ உளவியல், மொழியியல், நரம்பியல், காது மூக்கு தொண்டை, ஒலியியல் எல்லாம் வந்துவிடும். பிறகு உச்சரிப்பு, குரல், திக்குவாய், நரம்பு சார்ந்த பேச்சுக் கோளாறுகள், விழுங்குதல், காதுக் கருவி என்று ஒவ்வொன்றாக வரும். புள்ளியியலும் உண்டு. சைக்காலஜியும் மொழியியலும் பிடித்த பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம், இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

பெயர் ஒத்திருக்கும் வேறு படிப்புகளில் ஏமாந்துவிடாதீர்கள். டி.எச்.எல்.எஸ். என்பது கேட்பு, மொழி, பேச்சு பற்றிய ஓராண்டு டிப்ளமோ. ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உள்ள நல்ல படிப்புதான், ஆனால் அதைப் படித்தவர் உதவியாளர் நிலையில் வேலை செய்யலாம். தனியாக நோயறிந்து சிகிச்சை தரும் தகுதி அதில் வராது. கேட்புத் திறன் குறைந்தோருக்கான சிறப்பு பி.எட். ஆசிரியர் ஆவதற்கு. ஆக்குபேஷனல் தெரபி முற்றிலும் வேறு தொழில். மூன்று மாதத்தில் ஆன்லைனில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாம் என்று வரும் சான்றிதழ் படிப்புகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அப்படிப் படித்துவிட்டு வந்தவர்களிடம் ஆறு மாதம், ஒரு வருடம் வீணாக்கிய பிறகு என்னிடம் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு வருடம் திரும்ப வராது.

நான்காம் படி: கல்லூரி

மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்பு நிறுவனத்தைத்தான் எங்கள் துறையில் முதலில் சொல்வார்கள். 1965-இல் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இடம் கிடைக்க அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மும்பையில் 1983-இல் தொடங்கிய பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 'நிஷ்' எனப்படும் தேசிய பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., சென்னையில் மெர்ஃப் (காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிறுவனம்) ஆகியவற்றில் இந்தப் பட்டம் நடக்கிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கென்று மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்திருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். பிள்ளைகள் எம்.பி.பி.எஸ்., பொறியியல் கலந்தாய்வைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் இந்த விண்ணப்பத் தேதி சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, படிப்புவாரியாகக் கிடைக்கிறது. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். சீனியர்கள் எல்லோரும் பதிவு வாங்கிவிட்டார்கள் என்பது உங்கள் பேட்ச்சுக்கு உத்தரவாதம் ஆகாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, ஆணையின் நகலைக் கேளுங்கள்.

அடுத்ததாக, கட்டடத்தைப் பார்க்காமல் கிளினிக்கைப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்குப் போய் வெளிநோயாளிகள் வரிசையில் அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள்? எல்லோரும் குழந்தைகளா, பெரியவர்களும் இருக்கிறார்களா? நான் படித்த இடத்தில் குழந்தைகளே அதிகம். நான்கு வருடத்தில் விழுங்குதல் பிரச்சினை உள்ள நோயாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து, உணவு டியூபை எடுக்கலாமா என்று கேட்டு அழைப்பு வந்தது. கை நடுங்கியது. ஒரு சீனியர் பக்கத்தில் நின்று வழிநடத்தியதால் அன்றைக்கு அந்தப் பெரியவருக்குப் பிரச்சினை ஒன்றும் ஆகவில்லை. ஆகவே கேளுங்கள்: நரம்பியல் வார்டில் போஸ்டிங் உண்டா? காது மூக்கு தொண்டைப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறதா? ஒலித்தடுப்பு அறைகள் எத்தனை? மாணவர் தெரபி கொடுக்கும்போது ஆசிரியர் கூட இருக்கிறாரா, இல்லை மாலையில் ஃபைலில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

தமிழ் தெரிவது இந்தத் தொழிலின் பாதி

இதைப் பற்றி யாரும் சேர்க்கையின்போது பேசுவதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், அவற்றில் உள்ள குழந்தைகள் ஆங்கிலம் பேசுவார்கள். நம் முன்னால் வந்து உட்காரும் குழந்தை தமிழ் பேசும். "வாளப்பளம்" என்று சொல்லும் நாலு வயதுக் குழந்தையைக் கொண்டு வந்து, "ழ வரல மேடம்" என்பார் அப்பா. அவரே "பளம்" என்றுதான் சொல்வார். ழகரம் குழந்தைகளுக்குக் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்று. பல வட்டாரங்களில் பெரியவர்கள் பேச்சிலேயே அது ளகரமாகிவிட்டது. அந்தக் குழந்தை தன் வீட்டுத் தமிழைச் சரியாகத்தான் கற்றிருக்கிறது. அதைக் கோளாறு என்று எழுதினால் தவறு நம்முடையது. அதேபோல், ஒரே ககரம் "கடை"யில் ஒரு மாதிரி, "தங்கம்" என்பதில் ஒரு மாதிரி, "பகல்" என்பதில் வேறு மாதிரி ஒலிக்கும். தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒலிச் சோதனை செய்ய முடியாது.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் "அம்மா... கடை... போ" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இப்படிப் பேசுபவரிடம் இடையில் வரும் சிறு சொற்கள் விடுபடும். தமிழில் விடுபடுவது வார்த்தையின் வாலில் ஒட்டியிருப்பவை. "கடைக்கு"-வில் இருக்கும் "கு", "போனாங்க" என்பதில் காலமும் ஆளும். எந்த விகுதி தங்கியிருக்கிறது, எது போய்விட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பயிற்சியை எங்கே தொடங்குவது என்று புரியும். பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை உருபும் பகுபத உறுப்பிலக்கணமும் படித்தோமே, எனக்கு அவை வேலையில் உதவிய அளவுக்கு வேறு எந்தப் பள்ளிப் பாடமும் உதவவில்லை. தமிழ்ப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள் என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்பேன்.

இன்னொன்று, தெரபியில் எழுத்துத் தமிழ் வேண்டாம். வீட்டில் "தண்ணி" என்று கேட்கும் குழந்தையை "தண்ணீர்" என்று சொல்லப் பழக்கினால், வீட்டில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், குழந்தை அந்த வார்த்தையை எங்கே பயன்படுத்தும்?

ஐந்தாம் படி: பதிவு எண்

பட்டம் வாங்கியதோடு முடியவில்லை. ஆர்.சி.ஐ.யின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அது இல்லாமல் தொழில் செய்வது சட்டப்படி குற்றம். பதிவைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும், அதற்குத் தொடர் கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். பதிவு எண்ணைக் கிளினிக் சுவரில் மாட்டி வையுங்கள். பெற்றோர்களுக்கும் அதைக் கேட்கும் பழக்கம் வரட்டும்.

முதல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டத்தில் ஆடியாலஜியும் இருப்பதால் காதுக் கருவி நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளைச் சீக்கிரமே எடுத்துக்கொள்ளும். அது மரியாதையான வேலை. ஆனால் உங்கள் மனம் பேச்சுத் தெரபியில் இருந்தால், முதல் இரண்டு வருடம் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனையில் இருங்கள். கைப்பழக்கம் வரும் வயது அது.

முதுகலை இரண்டு ஆண்டு. ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜியில் தனியாகவும் ஆடியாலஜியில் தனியாகவும் எம்.எஸ்சி. இருக்கிறது. கல்லூரியில் கற்பிக்கவும் ஆராய்ச்சிக்கும் அது வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்ததுமே பதிவு பெற்றுத் தொழில் செய்யலாம் என்பதால், குடும்பச் சூழ்நிலை இடம் கொடுக்காதவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்கு

அங்கே முதுகலை இல்லாமல் முழுத் தகுதியுள்ள ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியாது. இளங்கலையில் நேர்வழி, தகவல்தொடர்பு அறிவியலும் கோளாறுகளும் என்ற மேஜர். இதை எடுத்தவர்களுக்கு ஒலிப்பியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, மொழி வளர்ச்சி, ஆடியாலஜி அறிமுகம் எல்லாம் பட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். சைக்காலஜியோ மொழியியலோ எடுத்தவர்கள் இந்தப் பாடங்களைத் தனியாக முடித்துவிட்டுத்தான் முதுகலைக்குள் போக முடியும். பெரும்பாலும் ஒரு வருடம் கூடுதலாகும். எந்த மேஜராக இருந்தாலும் உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் இவற்றில் ஒவ்வொரு பாடம் கட்டாயம். அங்குள்ள தொழிலமைப்பான ஆஷா (அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்புச் சங்கம்) அதைக் கேட்கிறது. (நம் ஊர் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா வேறு.)

என் கருத்து இது. முடிவு உறுதியாக இருந்தால் நேர்வழி மேஜரையே எடுங்கள், செலவு குறையும். இன்னும் தயக்கம் இருந்தால் மொழியியல் எடுத்து, மேலே சொன்ன அடிப்படைப் பாடங்களை விருப்பப் பாடங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனம் மாறினாலும் வேறு வேலைக்கு அது உதவும். சைக்காலஜியும் நல்லதுதான், ஆனால் ஒலிப்பியல் அதில் வராது.

அதற்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட முதுகலை, 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, பிராக்ஸிஸ் தேர்வு, கடைசியாக 36 வாரங்களில் 1,260 மணி நேரம் ஒரு மூத்தவரின் கீழ் வேலை. அங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியே இலவசமாகச் சேவை தர வேண்டும் என்று 1975-லேயே சட்டம் வந்துவிட்டதுதான் அதற்குக் காரணம்.

இந்தியாவில் பட்டம் வாங்கிவிட்டு வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் அமைப்புகள் ஒருவர் சான்றை மற்றவர் ஏற்பதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன. இந்தியா அதில் இல்லை. உங்கள் பாடங்களையும் பயிற்சி மணிகளையும் அவர்கள் தனியாக மதிப்பிடுவார்கள். எனவே முதல் ஆண்டிலிருந்தே எந்த நோயாளி வகைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள் என்று எழுதி, ஆசிரியர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்த ஆசிரியர் எங்கே இருப்பார் என்று தேட முடியாது.

வேறு பட்டம் படித்துவிட்டவர்கள்

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். பிளஸ் டூவில் அவள் எடுத்தது பயோ-மேத்ஸ். அதனால் வழி இருந்தது. மூன்று வழிகளை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, பி.ஏ.எஸ்.எல்.பி. முதலாம் ஆண்டில் புதிதாகச் சேர்வது. இரண்டு, இங்கேயே சைக்காலஜி பட்டத்தை வைத்து மறுவாழ்வு உளவியல் பக்கம் போவது. அதற்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உள்ள படிப்புகள் உண்டு, இதே குழந்தைகளோடுதான் வேலை. மூன்று, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு பட்டம் படித்தவர்களுக்கென்றே இருக்கும் இரண்டாண்டு முதுகலை. அதற்கான செலவைப் பார்த்ததும் அவள் அம்மா தாளை மடித்துவிட்டார்.

"திரும்ப நாலு வருஷமா?" என்று அம்மா கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. வீட்டில் தம்பியின் தெரபிக்கே மாதாமாதம் பணம் போகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று மட்டும் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டு நாள் இருந்தது.

ஒன்பதாவது நாள் போன் வந்தது. "அக்கா, அப்ளை பண்ணிட்டேன். கவுன்சலிங்ல காலேஜ் கேட்டா எதை முதல்ல போடறது?"

"காலைல பத்து மணிக்குப் போய் வரிசைல உக்காந்து பாத்தியா?" என்றேன்.

"ரெண்டு காலேஜ்ல பாத்துட்டேன்க்கா. மூணாவதுக்கு நாளைக்குப் போறேன்."